கலைச்சொல்: கடைக்குறைப் பகா எண் (73939133)

அனைவருக்கும் வணக்கம். ஒரு பகா எண்ணின் இலக்கங்களை ஒரு பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாலும் மிஞ்சுவதெல்லாம் பகா எண்ணாகவே இருந்தால், அதைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதே கேள்வி. பினாங்கு அண்ணன் எழுதியது:

> "வெட்டுப் பகா எண்" என்றே வைத்துவிடலாம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் உடனே விளங்கும்.

பினாங்கு அண்ணன் சொல்வதுபோல் விளங்கும்தான். ஆனால் கணவியலில் "இரு கணங்களின் வெட்டு" ஏற்கெனவே ஊன்றிவிட்டது. அதைவிட, எந்தப் பக்கம் வெட்டுவது என்பதே அந்தச் சொல்லில் இல்லை. இங்கே உயிரே அதில்தான் இருக்கிறது.

73939133-இன் கடைசி இலக்கத்தை எடுத்தால் 7393913. அதுவும் பகா எண். மேலும் எடுத்துக்கொண்டே போனால் 739391, 73939, 7393, 739, 73, 7. எல்லாமே பகா எண்கள்! பதின்ம முறையில் இப்படிப்பட்டவை மொத்தம் 83. அவற்றுள் இதுவே பெரியது.

ஏன் இதற்குமேல் நீளவில்லை? வலப்பக்கம் சேர்க்கக்கூடியவை 1, 3, 7, 9 மட்டுமே. மற்றவற்றைச் சேர்த்தால் 2 அல்லது 5 வகுத்துவிடும். நம் எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகை 38. 1 சேர்த்தால் 39, 7 சேர்த்தால் 45. இரண்டும் 3-ஆல் வகுபடும். இதுவரை பிள்ளைகளே கரும்பலகையில் போட்டுப் பார்த்துவிடலாம். 3, 9 சேர்த்தாலும் பகு எண்களே வருகின்றன. அதைக் கணினியில் பார்ப்பது எளிது. எட்டு இலக்கத்தில் இந்த வகை எண்கள் ஐந்து உண்டு. ஐந்துமே அங்கேயே நின்றுவிடுகின்றன.

இதற்கான பெயர் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது என்பேன். "தாமரை" செய்யுளில் "மரை" ஆனால் முதற்குறை. "நீலம்" "நீல்" ஆனால் கடைக்குறை. ஆகவே 73939133 கடைக்குறைப் பகா எண். இடப்பக்கத்திலிருந்து குறைப்பது முதற்குறைப் பகா எண். சுழியம் வராதவற்றையே இதில் சேர்ப்பது வழக்கம். அந்த வகையில் 4260 எண்கள் உண்டு. பெரியது 24 இலக்கம் கொண்ட 357686312646216567629137.

"குறைவெண்ணோடு குழம்பாதா?" என்று செந்தூல் ஆசிரியை கேட்டிருந்தார். நல்ல கேள்வி அம்மா. தன்னை விட்டு மற்ற வகுஎண்களைக் கூட்டினால் தன்னைவிடக் குறைவாக வரும் எண்ணே குறைவெண். பகா எண்ணுக்குத் தன்னை விட்டால் 1 மட்டுமே வகுஎண். அதனால் எல்லாப் பகா எண்களும் குறைவெண்களே. வெறும் "குறைப் பகா எண்" என்றால் எதையும் பிரித்துக் காட்டாது. முதல், கடை என்ற முன்னொட்டை ஒருபோதும் விடக் கூடாது.

நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. இங்கே மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனதும் இதே பிள்ளைகளுக்குப் பகா எண் மலாயில் "நொம்போர் பெர்டானா" ஆகிவிடும். நாம் கொடுக்கும் சொல்லைப் பின்னால் திருத்திக் கொடுக்கத் தமிழில் இன்னொரு கணித வகுப்பு இல்லை.

இருபக்கமும் குறைக்கத்தக்கவற்றுள் பெரியது 739397. அதற்கு "இருதலைக்குறை" என்பது என் முன்மொழிவு. இன்னும் நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். மற்ற இரண்டையும் மறுப்பு வராவிட்டால் வெள்ளிக்கிழமை கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.