பாலைவன மண் அணையில் குறுக்கு விரிசல்: மழைக்கு முன் என்ன செய்யலாம்?

இடம் ராஜஸ்தான், பார்மேர் மாவட்டம். ஊருக்கு மேலே 5 மீட்டர் உயர மண் கரை. ஆண்டு முழுக்கக் காய்ந்தே கிடக்கும். வெள்ளம் வந்தால் தேக்கி, 60 செ.மீ. சிமென்ட் குழாய் வழியே மெல்ல விடும். 2006 வெள்ளத்துக்குப் பிறகு கட்டியது.

இந்தக் கோடையில் நீர்ப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை, கரைக்குக் குறுக்கே 2 செ.மீ. அகல விரிசல். நீளவாக்கில் என்றால்கூட இவ்வளவு பயமில்லை. குழாய்க்கு நேர் மேலே மண் உள்வாங்கிக் குழியும் விழுந்திருக்கிறது.

களிமண் கரைசல் ஊற்றினோம். காய்ந்ததும் மறுபடி பிளந்தது. எலி வளைகளைத் தோண்டி அடைத்தாயிற்று. மண்கட்டியைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டால் பால்போல் கலங்குகிறது. நீர் பட்டால் தானே துகள்துகளாகப் பிரியும் சோடியம் மண்தான், விரிசலில் நீர் புகுந்தால் குடைந்துகொண்டே போகும்.

விரிசலை வெட்டி, ஜிப்சம் கலந்த ஈரமண்ணை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு நிரப்பினால் போதுமா, குழாயின் வெளிமுனையைச் சுற்றி, கசியும் நீரோடு மண் அரித்துப் போகாமல் தடுக்கும் மணல் வடிகட்டியும் வைத்தே ஆக வேண்டுமா?