மறுமொழி: ரோல்ஓவர் ஈக்விட்டிக்கு ‘தக்கவைத்த பங்கு’ சரிவராது

வணக்கம். மருத்துவர் தன் கிளினிக்கை விற்கும்போது, விலையில் ஒரு பகுதிக்கு ரொக்கத்துக்குப் பதிலாகப் பெறும் பங்குதான் ரோல்ஓவர் ஈக்விட்டி (rollover equity). அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘தக்கவைத்த பங்கு’ என்றே வைத்துக்கொள்ளலாம், படித்ததும் புரிகிறது.

புரிகிறதுதான், ஆனால் தப்பாகப் புரிகிறது. தனியார் பங்கு முதலீட்டு நிறுவனத்தின் பணத்தோடு ஒரு குழுமம் வந்து கிளினிக்கை வாங்குகிறது. விலை 100 என்று பேசி முடித்தால் 70 ரொக்கமாக வரும், மீதி 30க்குப் பெரும்பாலும் குழுமத்தின் தாய் நிறுவனத்தில் பங்கு கொடுப்பார்கள் (எண்கள் உதாரணத்துக்குத்தான், விகிதம் பேரத்துக்குப் பேரம் மாறும்). அதன்பிறகு பழைய கிளினிக்கில் மருத்துவருக்கு நேரடியாக எந்தப் பங்கும் கிடையாது. அவர் கையில் இருப்பது, அவர் போய்ப் பார்த்தேயிராத பல கிளினிக்குகளும் அவற்றை வாங்கப் பட்ட கடனும் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் சிறுபான்மைப் பங்கு. ‘தக்கவைத்த’ என்று படிப்பவர், சரி, முப்பது விழுக்காடு இன்னும் நம்மிடம்தானே என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார். என் கவலை அதுதான்.

குழுமத்தை வழக்கமாக 3 முதல் 7 ஆண்டுக்குள் மறுபடி விற்பார்கள். அன்று நல்ல விலை போனால் இந்த 30, முதலில் வந்த 70ஐவிடப் பெரிதாகக்கூட வளர்ந்திருக்கலாம், மருத்துவர்களை இழுப்பதே அந்த நம்பிக்கைதான். ஆனால் விற்ற பணத்தில் முதலில் கடன் கொடுத்தவர், அப்புறம் முன்னுரிமைப் பங்குக்காரர், கடைசியில்தான் சாதாரணப் பங்கு. மருத்துவருக்குக் கொடுத்தது எந்த வகை என்று கேட்காமல் விட்டால் ஒன்றுமே மிஞ்சாமலும் போகலாம். நடுவில் மருத்துவர் வேலையை விட்டுப் போனால் அந்தப் பங்கைக் குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையும் பல ஒப்பந்தங்களில் நிறுவனத்துக்கு உண்டு. இதையெல்லாம் ‘தக்கவைத்தது’ என்று எப்படிச் சொல்வது?

> அப்படியானால் ‘உருட்டுப் பங்கு’?

வேண்டாம். இன்றைய பேச்சில் உருட்டு என்றால் புளுகு. அது போக, இதே துறையில் ரோல்-அப் என்று இன்னொன்று இருக்கிறது, சின்னச் சின்ன மருத்துவக் குழுக்களை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்குவது. டெக்சாஸில் மயக்க மருத்துவர் குழுக்களை அப்படி வாங்கிச் சேர்த்ததற்காகத்தான் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 செப்டம்பரில் யூ.எஸ். அனஸ்தீசியா பார்ட்னர்ஸ் என்ற குழுமத்தின் மீதும் அதில் முதலீடு செய்த வெல்ஷ் கார்சன் என்ற தனியார் பங்கு முதலீட்டு நிறுவனத்தின் மீதும் வழக்குப் போட்டது. இரண்டையும் ‘உருட்டு’ ஆக்கினால் குழப்பம்தான் மிஞ்சும்.

என் பரிந்துரை ‘விலையீட்டுப் பங்கு’. விலையில் ஒரு பகுதிக்கு ஈடாக வாங்குபவர் தரும் பங்கு, அவ்வளவுதான். வெறும் ‘ஈட்டுப் பங்கு’ என்று சுருக்கினால் அடகு வைத்த பங்கு என்று படிக்க இடமிருக்கிறது, அதனால் ‘விலை’ கட்டாயம் முன்னால் வரட்டும்.

ஏர்ன்-அவுட்டையும் இதோடு சேர்த்துப் பேசினார்கள். அது வேறு: விற்றபின் வருமானம் சொன்ன இலக்கைத் தொட்டால் மட்டும் தரும் மீதித் தொகை. அதற்கு ‘இலக்குசார் விலை’ போதும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள், குறிப்பாக இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை எழுதிப் பழகிய வழக்கறிஞர்கள், கணக்காளர்கள். பங்காகத் தராமல் கடன்பத்திரமாகத் தந்தாலும் ‘விலையீடு’ பொருந்துமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவு வேண்டும்.