கோல் கும்பாஸ் அரூப ஓவியம்: வளைவுப் பட்டைகளுக்கு எந்த டேப் சரி?

வணக்கம் நண்பர்களே. கர்நாடகத்தின் பீஜப்பூரிலுள்ள கோல் கும்பாஸ் கல்லறை மாளிகையின் கிசுகிசு மாடத்தை (குவிமாடத்தின் உட்புறம் சுற்றிவரும் நடைமாடம்) 90 செ.மீ. சதுரக் கேன்வாஸில் அக்ரிலிக்கில் அரூபமாக வரைகிறேன். குவிமாடத்தைத் தாங்கும் எட்டு வளைவுகளை மேலிருந்து பார்த்தால், 45 பாகை திருப்பி அடுக்கிய இரண்டு சதுரங்கள். அதுதான் அடிப்படைக் கோலம். உள்ளே வட்ட வட்டமாக ஒலியலைப் பட்டைகள். அங்கே கிசுகிசுப்பு சுவரை ஒட்டியே தவழ்கிறது (சர் சி.வி. ராமனும் இந்த மாடத்தை ஆராய்ந்திருக்கிறார்). ஆகவே விளிம்பில் 3 மி.மீ. பட்டைகள் நெருக்கமாக, நடுவில் வெறுமை.

சிக்கல் அந்த 3 மி.மீ.யில்தான். 24 மி.மீ. மாஸ்கிங் டேப்பை வளைத்தால் உள்விளிம்பு மடிகிறது. மடிப்புக்குள் நீலம் கசிந்து ரம்பப் பல்போல நிற்கிறது. டேப் ஓரத்தில் மேட் மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் பூச்சு) பூசிக் காயவிட்டேன். நேர்கோட்டில் கச்சிதம், வளைவில் பலனில்லை. காம்பஸ் கட்டரால் டேப்பை வெட்டினால் பிளேடு கெஸ்ஸோவையும் (கேன்வாஸின் வெள்ளை அடிப்பூச்சு) கீறிவிடுகிறது.

கார் பெயின்டர்கள் வளைவுக்கு ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் டேப்பை அக்ரிலிக் மேல் யாராவது ஒட்டியிருக்கிறீர்களா? உரிக்கும்போது அடிப்பூச்சு சேர்ந்து வருமா? எத்தனை நாள் காயவிட வேண்டும்? கேன்வாஸின் நெசவும் கசிவுக்குக் காரணம் என்றால், வழவழப்பாகத் தேய்த்த பிளைவுட்டுக்கு மாறவும் தயார். செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.