திவ்யா கல்யாணம், நம்ம வீட்டுக் குழு

வியாழன், இரவு 8:12

திவ்யா: அவருடைய நண்பர்கள் நாலு பேர் பெங்களூரிலிருந்து சனி இரவே வருகிறார்கள். ஞாயிறு காலை சைக்கிளில் கடலூரைச் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். நாலு சைக்கிள் வேண்டும். யாரிடம் இருக்கிறது?

பாலு மாமா: சைக்கிளா

பாலு மாமா: கார் சொல்லிவிடலாமே

திவ்யா: சைக்கிள்தான் வேண்டுமாம் மாமா

வசந்தா அத்தை: கல்யாணத்துக்கு வந்தவர்களை வெயிலில் மிதிக்க விட்டோம் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு வாங்கவா?

கார்த்தி: என்னுடையது ஒன்று. செயின் மட்டும் அடிக்கடி கழலும்.

ராஜி சித்தி: ஞாயிறு காலை டிபன் எத்தனை பேருக்கு? அதை முதலில் சொல்லுங்கள்

ரவி பெரியப்பா: நல்ல யோசனை. வழியை நான் சொல்கிறேன். காலை 5:30க்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் புறப்பட்டு நேராகத் தேவனாம்பட்டினம். சில்வர் பீச்சில் சூரிய உதயம் பார்க்கட்டும். செயின்ட் டேவிட் கோட்டை இருந்ததும் அங்கேதான், கெடிலம் ஆற்றின் கரையில். 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் என்கிறார்களே, அது இவர் பெயர்தான். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்று பேச்சு வந்தபோது, பீரங்கியால் சுட்டு குண்டு போய் விழுகிற தூரம் வரை எங்களுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த எல்லைக்குள் வந்தவைதான் குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி இன்றைக்கும் இருக்கிறது.

கார்த்தி: பாலு மாமா இருக்கிற இடமெல்லாம் குண்டு கிராமம்தான்

பாலு மாமா: டேய்

வசந்தா அத்தை: அண்ணா, ஐயர் தட்சிணை என்ன ஆயிற்று? மதியத்திலிருந்து கேட்கிறேன்

ரவி பெரியப்பா: சொல்கிறேன். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த பிறகு ஆங்கிலேயருக்குத் தெற்கே தலைமையிடம் நம் ஊர்தான். 1756இல் கிளைவ் இங்கே கவர்னர். இரண்டே வருஷத்தில், 1758இல், பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளிவிட்டார். இப்போது போனால் சிதைந்த சுவர்தான் கொஞ்சம். கோட்டை என்றதும் செஞ்சி மாதிரி நினைத்துக்கொண்டு வரப் போகிறார்கள். திவ்யா, முன்கூட்டியே சொல்லிவிடு.

ராஜி சித்தி: தட்சிணை கேட்டால் லாலி வருகிறார்

மணி சித்தப்பா: ஆற்றங்கரை ஊர் என்று வருகிறவர்களுக்கு ஆற்றில் தண்ணீர் இருக்க வேண்டாமா. கெடிலத்தில் இப்போது ஆகாயத்தாமரைதான்

ராஜி சித்தி: 2024 டிசம்பரில் வந்திருந்தால் பெண்ணையாறே அவர்களைத் தேடி வந்திருக்கும்

பாலு மாமா: சாத்தனூர் அணையைத் திறந்த அன்று என் பைக்கை மாடியில் ஏற்றி வைத்தேனே

வசந்தா அத்தை: திவ்யா, மாப்பிள்ளையும் போகிறாரா?

திவ்யா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வசந்தா அத்தை: நான் படித்துவிட்டேன். திங்கட்கிழமை முகூர்த்தம், முதல் நாள் சைக்கிளா! முட்டியில் பிளாஸ்திரியோடு மணையில் உட்காருவாரா?

திவ்யா: மெதுவாகத்தான் ஓட்டுவார் அத்தை

கார்த்தி: அப்படியானால் அஞ்சு சைக்கிள்

ரவி பெரியப்பா: பீச்சிலிருந்து திரும்பி திருப்பாதிரிப்புலியூர். பாடலீஸ்வரரைப் பார்த்துவிட்டு, அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது அவர் கரை சேர்ந்த கரையேறவிட்ட குப்பம் போகலாம். அடுத்து முதுநகர், துறைமுகம். தெம்பு இருந்தால் கேப்பர் மலை. பாரதியைப் புதுச்சேரியிலிருந்து வரும்போது பிடித்து, 1918 நவம்பர் 20 முதல் டிசம்பர் 14 வரை அங்கே இருக்கிற கடலூர் சிறையில்தான் வைத்திருந்தார்கள். மலை ஏற்றம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கடைசியில் திருவந்திபுரம் பெருமாள் கோயில்.

மணி சித்தப்பா: அண்ணா, பொழுது சாய்ந்துவிடும்

பாலு மாமா: ஓ.டி., அதான் முதுநகர், போனால் அப்படியே வஞ்சிரம் மீன்

வசந்தா அத்தை: கல்யாண வீடு

பாலு மாமா: சும்மா சொன்னேன்

ராஜி சித்தி: திருவந்திபுரம் ஞாயிறு வேண்டாம். மறுநாள் எல்லாரும் அங்கேதானே போகிறோம். முகூர்த்த நாளில் அங்கே கார் நிறுத்தவே இடம் இருக்காது. உண்மையில் அன்றைக்குத்தான் சைக்கிள் வேண்டும்

கார்த்தி: பக்கத்து வீட்டுப் பையனுடைய பள்ளிக்கூட இலவச சைக்கிள் ஒன்று கேட்டிருக்கிறேன். மொத்தம் இரண்டு. மீதி புதுச்சேரியில் வாடகைக்கு எடுக்கலாமா?

பாலு மாமா: அந்தக் காலத்தில் நம் தெரு முனையிலேயே மணிக் கணக்கில் கிடைக்கும். குரங்குப் பெடல் போட்டு நான் விழாத சாக்கடை இல்லை

கார்த்தி: தாத்தாவின் ராலே சைக்கிள் எங்கே?

இரவு 9:26

வசந்தா அத்தை: அதை நெய்வேலியில் கேள்

மணி சித்தப்பா: நான் என்ன திருடிக்கொண்டா போனேன்? அப்பா கொடுத்தது.

ரவி பெரியப்பா: கொடுத்தது இல்லை. 1994 பொங்கலுக்கு, ஒரு வாரத்தில் தருகிறேன் என்று நீ எடுத்துப் போனது.

பாலு மாமா: ஆரம்பித்துவிட்டார்கள்

திவ்யா: அப்பா, இப்போது வேண்டாமே

மணி சித்தப்பா: பரண்மேல் இருக்கிறது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இறக்கி, துடைத்து, பொட்டு வைத்துத்தான் ஏற்றுகிறேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வசந்தா அத்தை: கேட்காமலா இருந்தோம்

இரவு 9:41

ரவி பெரியப்பா: டைனமோ இருக்கிறதா

மணி சித்தப்பா: இருக்கிறது அண்ணா. விளக்குக் கண்ணாடிதான் உடைந்துவிட்டது. டியூப் இரண்டும் போய்விட்டன.

ரவி பெரியப்பா: 28க்கு ஒன்றரை. எல்லாக் கடையிலும் வைத்திருக்க மாட்டான். நான் நாளைக்கு விசாரித்து வாங்கி வைக்கிறேன். நீ பிரேக் கட்டையைப் பார். சீட்டுக்கு அடியில் அப்பா ஆணியால் கீறிய பெயர் இருக்கும், அதைத் தேய்த்துவிடாதே.

மணி சித்தப்பா: சீர் சாமான் வேனில் சனிக்கிழமை போட்டுவிடுகிறேன்

கார்த்தி: அதை மாப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

ரவி பெரியப்பா: முதலில் நான் மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன்

வசந்தா அத்தை: அண்ணா, உங்களுக்கு 71 வயது

ரவி பெரியப்பா: மணி, காற்றடிக்கும் பம்பையும் எடுத்து வா. அப்பாவுடையது, பித்தளை.

மணி சித்தப்பா: பம்பு உங்களிடம்தான் இருக்கிறது அண்ணா. நான் அதைக் கேட்டேனா?

கார்த்தி: ஆகா

திவ்யா: சரி, 5:30ஆ ஆறா? அவரிடம் என்ன சொல்ல?

பாலு மாமா: ஏழு

ராஜி சித்தி: டிபன் எத்தனை பேருக்கு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை