விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் கேஸ் எங்கட தலையில விழுமோ?

கண்டிவீதிக் கடைக்காரர்:
வணக்கம். சாவகச்சேரிப் பக்கம் ஏ9 வீதியோரம் கடை. மோட்டார் சைக்கிள் அடிபட்டு ஆள் விழுந்தால் முதலில ஓடிப் போறது நாங்களும் ஓட்டோக்காரரும்தான். போனவுடன "தொடாதேங்கோ, பொலிஸ் வரட்டும்" எண்டு ரெண்டு பேர் மறிப்பினம். தூக்கிக்கொண்டு போனவனையே பொலிஸ் பிடிச்சு வைக்கும், வழியில ஆள் செத்தால் கொலைக் கேஸ், வீட்டுக்காரர் வந்து கையெழுத்து வைக்காட்டில் ஆஸ்பத்திரியில தொடமாட்டினம் எண்டெல்லாம் கதைக்கினம். இதில எது உண்மை? விசயம் தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ.

வழக்கேடு:
யூடியூபில் வரும் "உதவியவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது" என்ற சட்டம் இந்தியாவுடையது. அங்கே 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகச் சேர்த்தார்கள். இலங்கையில் அப்படித் தனிச்சட்டம் கிடையாது. அதற்காகப் பாதுகாப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 85ஆம் பிரிவு இருக்கிறது. ஒருவர் சம்மதம் சொல்ல முடியாத நிலையில் கிடக்கிறார், அவர் சார்பில் சம்மதிக்கக்கூடிய பாதுகாவலரும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்றால், அவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்த காரியத்தால் தீங்கு நேர்ந்தாலும் அது குற்றமாகாது. மயங்கிக் கிடப்பவரை நீங்கள் தூக்குவதும் அதில் அடங்கும், வைத்தியர் கத்தி வைப்பதும் அடங்கும்.

ஆனால் உரிய கவனமில்லாமல் செய்ததை அதே கோவை நல்லெண்ணமாக ஏற்காது. குடித்துவிட்டு ஓட்டோவை ஓட்டி, ஏற்றிய ஆளோடு மதவில் மோதினால் 85 உங்களைக் காப்பாற்றாது. கவனயீனத்தால் மரணம் விளைவிப்பதற்கான 298ஆம் பிரிவு அப்படிப்பட்டவர்களுக்கும், விபத்தை உண்டாக்கிய சாரதிக்கும் உரியது. ஓடிவந்து தூக்கியவருக்கு அல்ல.

வழியில் உயிர் போனால் உடலை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். உறவினர் கெஞ்சினாலும் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போங்கள். வீதி விபத்து மரணம் என்றால் திடீர் மரண விசாரணை நடந்தே ஆகும். வீட்டுக்குப் போன உடலைப் பிறகு திருப்பி எடுக்க வேண்டிவரும், அப்போதுதான் தேவையில்லாத சந்தேகங்கள் கிளம்பும்.

பொலிஸ் உங்களிடம் கேட்பது சாட்சியின் வாக்குமூலம். கண்டதை மட்டும் சொல்லுங்கள். "வேகமாத்தான் வந்திருப்பான்" என்ற ஊகம் வேண்டாம். தமிழில் எழுதச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வையுங்கள். விளங்காத மொழியில் எழுதியதில் வைக்க வேண்டாம்.

மோதிய சாரதியின் நிலை வேறு. நிறுத்துவது, அடிபட்டவருக்கு உதவுவது, பொலிஸுக்கு அறிவிப்பது மூன்றும் அவர் கடமை. ஆளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டேன் என்பதால் மூன்றாவது நீங்கிவிடாது.

ஈடியூ தாதி:
நான் ஈடியூவில, அதாவது ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவில தாதி. கையெழுத்துக் கதையை முதலில விடுங்கோ. மயக்கத்தில வாற ஆளுக்கு உயிர் காக்கிற சிகிச்சை கையெழுத்துக்காக நிக்காது. வைத்திய நிபுணர் அவசரம் எண்டு குறிப்பில எழுதிப்போட்டுத் தியேட்டருக்கு எடுப்பார். நினைவோட இருக்கிற, 18 வயது தாண்டின ஆளெண்டால் அவற்ற சொல்தான் செல்லும், மனிசி வந்து வைக்கிற கையெழுத்து அதுக்கு மேல இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில காசும் கேட்கமாட்டினம்.

இனி வீதியில செய்ய வேண்டியது. 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கோ. அந்த அம்புலன்ஸ் 2018இல இருந்து வடக்கிலயும் ஓடுது, இலவசம், பயிற்சி பெற்ற ஆள் உள்ள இருப்பார். இடத்தைச் சொல்லேக்க "கண்டி வீதி" எண்டு மட்டும் சொன்னால் காணாது. சந்தி, கோயில், பள்ளிக்கூடம், எந்தப் பக்கம் எண்டு சொல்ல வேணும்.

ரத்தம் பாய்ஞ்சால் சுத்தமான துணியை வைச்சு உள்ளங்கையால 10 நிமிசம் விடாமல் அமத்துங்கோ. இடையில தூக்கிப் பார்த்தால் உறைஞ்சது பிய்ஞ்சு போகும். துணி நனைஞ்சால் மேல இன்னொண்டு வையுங்கோ. ஹெல்மெட்டை, மூச்சு ஒழுங்காப் போகுதெண்டால் கழட்டாதேங்கோ. சத்தி எடுத்து மூச்சு அடைக்குது, இல்லாட்டில் மூச்சே இல்லை எண்டால் ரெண்டு பேர் வேணும். ஒராள் கழுத்தை அசையாமல் தாங்க, மற்றவர் மெதுவா இழுக்க வேணும். ஓட்டோ ஆசனத்தில ஆளை மடிச்சு இருத்திக் கொண்டுபோறதுதான் எனக்குப் பெரிய பயம். முள்ளந்தண்டு உடைஞ்சிருந்தால் அந்த மடிப்பில கால் ரெண்டும் விளங்காமல் போகலாம். நெருப்பு, வாகன நெரிசல் ஆபத்து இல்லையெண்டால் 1990 வரும்வரை படுத்தபடியே விடுங்கோ. சோடா, தண்ணி ஒண்டும் பருக்க வேண்டாம், மயக்க மருந்து குடுக்கேக்க அது நுரையீரலுக்குள்ள போகும்.

இன்னொண்டு. சாராய மணம் வந்தால் "வெறி, படுத்தெழும்பினால் சரி" எண்டு விட்டுடாதேங்கோ. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் ஆள் அப்படித்தான் உளறும். குடிச்ச ஆளுக்குத் தலையில அடியெண்டால் கட்டாயம் ஆஸ்பத்திரி. துண்டு வெட்டிக்கொண்டு (ஆஸ்பத்திரியால விட்டு) வீட்டை போன பிறகும் திரும்பத் திரும்பச் சத்தி, எழுப்பக் கஷ்டமான நித்திரை, வலிப்பு, காது மூக்கால தெளிஞ்ச நீர் வந்தால் உடன திருப்பிக் கொண்டு வாங்கோ.

கண்டிவீதிக் கடைக்காரர்:
நன்றி அக்கா, நன்றி ஐயா. வாள்வெட்டு, நஞ்சு குடிச்சது எண்டால் "போத்தில் வெட்டினது", "சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை" எண்டு வீட்டுக்காரர் மாத்திச் சொல்லச் சொல்லுகினம். என்ன செய்யிறது?

வழக்கேடு:
நஞ்சு விஷயத்தில் பயத்துக்கு இடமே இல்லை. தற்கொலை முயற்சி 1998இல் இருந்து இலங்கையில் குற்றமல்ல. அதை மறைப்பதால் யாரும் தப்பப்போவதில்லை, நோயாளிதான் பிழையான மருந்துக்குப் பலியாவார். வெட்டுக்காயத்தில் ஆஸ்பத்திரி பொலிஸுக்கு அறிவிக்கும், சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பார்ப்பார். வெட்டியவரே காயத்தோடு வந்தாலும் சிகிச்சை அதே ஒழுங்கில்தான். யார் குற்றவாளி என்பது நீதவானின் வேலை, வாட்டில் இருப்பவர்களின் வேலையல்ல.

ஈடியூ தாதி:
நஞ்செண்டால் போத்திலை லேபலோட கொண்டு வாங்கோ. எத்தனை மணிக்கு, எவ்வளவு குடிச்சது எண்டதும் வேணும். உப்புத்தண்ணி, சவர்க்காரத்தண்ணி பருக்கிச் சத்தி எடுப்பிக்க வேண்டாம், மயங்கின ஆளுக்கு அது மூச்சுக்குழாயில ஏறும்.

வெட்டுப்பட்ட உடுப்பைக் கழுவாதேங்கோ. வெட்ட வேண்டி வந்தால் கத்தி போன ஓட்டையைத் தவிர்த்து வேற பக்கத்தால வெட்டுங்கோ. கடதாசிப் பையில போடுங்கோ, பொலித்தீனில ஈரம் பூஞ்சணம் பிடிச்சுச் சாட்சியம் கெட்டுப்போகும். துண்டான விரலெண்டால் சுத்தமான ஈரத்துணியில சுத்தி, பொலித்தீன் பையில கட்டி, அந்தப் பையை ஐஸுக்கு மேல வையுங்கோ. விரல் ஐஸில நேர படக்கூடாது.

போன், பேர்ஸ், சங்கிலி இருந்தால் இன்னொராளுக்கு முன்னால எண்ணி, ஆஸ்பத்திரிப் பொலிஸ் காவலரணில பதிஞ்சு குடுங்கோ. காயப்பட்ட ஆளின்ர முகத்தைப் படமெடுத்து முகநூலில போடுறவையையும் தயவுசெய்து மறியுங்கோ. கன வீட்டில தாய் செய்தி அறியிறது அந்தப் படத்தாலதான்.