ரெஸ்யூமில் முந்திக்கொண்டு வரும் இன்டரப்ட்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. லினக்ஸில் ஓர் ஐ2சி (சிப்களை இணைக்கும் இரு கம்பித் தடம்) டச்ஸ்கிரீனுக்கு டிரைவர் எழுதுகிறேன். லெவல் லோ இன்டரப்ட் (லைன் லோவில் இருக்கும்வரை செயலியை அழைக்கும் சிக்னல்), ஒன்ஷாட் கொடி (ஹேண்ட்லர் முடியும்வரை இன்டரப்டை மூடி வைப்பது), த்ரெடட் ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் தனி த்ரெட்டில் ஓடும் நிரல்). தூங்கும் போர்டைத் தொட்டு எழுப்ப, சஸ்பெண்டில் (தூங்கப் போகையில்) எனேபிள்_ஐஆர்க்யூ_வேக் (இந்த இன்டரப்ட் போர்டை எழுப்பலாம் என்று குறிக்கும் ஃபங்ஷன்) அழைக்கிறேன்.

தொட்டால் விழிக்கிறது, அது சரி. ஆனால் ரெஸ்யூமின் (விழித்தெழுதலின்) தொடக்கத்தில் இன்டரப்டுகள் மூடியிருக்கும் நோ-ஐஆர்க்யூ கட்டம் முடிந்ததுமே கெர்னல் இன்டரப்டைத் திறந்துவிடுகிறது, என் ஹேண்ட்லர் ஓடுகிறது. ஐ2சி கன்ட்ரோலரோ இன்னும் எழவில்லை. படிக்கப் போனால் -108 பிழை (கன்ட்ரோலர் நிறுத்தத்தில் இருக்கிறது என்று பொருள்). தரவைப் படிக்காததால் லைன் லோவிலேயே நிற்கிறது, இன்டரப்ட் திரும்பத் திரும்ப அடிக்கிறது, லாகில் அதே வரி கொட்டிக்கொண்டே இருக்கிறது.

நோ_சஸ்பெண்ட் கொடி (தூக்கத்தின்போதும் இன்டரப்டைத் திறந்தே வைப்பது) இதற்கு மருந்தல்ல, ஹேண்ட்லர் இன்னும் முன்னாலேயே ஓடும். சஸ்பெண்டில் டிஸேபிள்_ஐஆர்க்யூ (இன்டரப்டை முடக்குவது), ரெஸ்யூமில் எனேபிள்_ஐஆர்க்யூ (மீண்டும் திறப்பது) போட்டேன். லாக் சுத்தமானது. முடக்கிய இன்டரப்டும் எழுப்பலாம் என்கிறது கெர்னல் ஆவணம். ஒரு போர்டு அப்படியே எழுகிறது. வேறு சிப் உள்ள இன்னொன்று அசையவே இல்லை.

அப்புறம் ரெஸ்யூம் முடியும்வரை ஹேண்ட்லரையே காத்திருக்க வைக்கலாமா என்று யோசித்தேன். சஸ்பெண்டுக்குச் சற்று முன் இன்டரப்ட் வந்தால், காத்திருக்கும் அந்த த்ரெட்டுக்காகக் கெர்னல் காத்து, இரண்டும் மாட்டிக்கொள்ளுமே?

ஐஆர்க்யூ சிப் (இன்டரப்டுகளைக் கையாளும் சிப்) டிரைவரில்தான் திருத்த வேண்டுமா, என் டிரைவரிலா? இதைச் சந்தித்தவர்கள் சொல்லுங்கள், இரண்டு வாரமாக இதிலேயே நிற்கிறேன்.