24 வோல்ட் லாரியில் 45 ஆம்பியர் டைனமோவை 90 ஆக்கினால் வயரையும் மாற்றணுமா?

ராத்திரி_டிரிப்:
ஆறு சக்கர வண்டி, 24 வோல்ட், ஏர் பிரேக். கம்பெனியில் வந்த டைனமோ 45 ஆம்பியர். ஒட்டன்சத்திரம் – மாட்டுத்தாவணி காய்கறி லோடு, பெரும்பாலும் ராத்திரி ஓட்டம். பின்னாடி சேர்த்தவை: 120 வாட் எல்.இ.டி. பார் 2, கேபின் ஃபேன் 2, பாட்டு செட், 600 வாட் ரைஸ் குக்கருக்கு ஒரு இன்வெர்ட்டர். எல்லாம் ஓடும்போது ஐடிலிங்கில் சார்ஜ் லைட்டு மங்கலா எரியுது. 1500 ஆர்.பி.எம்.மில் டைனமோ பி பிளஸ் போல்ட்டுக்கும் (கரண்ட் வெளியே வரும் முனை) அதன் பாடிக்கும் 27.9 வோல்ட், பேட்டரியில் 26.3 தான். பி பிளஸ் வயர் 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.), பேட்டரி வரை 4 மீட்டர் இருக்கும். 90 ஆம்பியர் டைனமோ பார்த்து வைச்சிருக்கேன். அதை மட்டும் மாற்றினால் போதுமா?

கப்பலூர்_வயர்மேன்:
போதாது தம்பி. டைனமோ 27.9 கொடுக்குது, பேட்டரிக்கு 26.3 தான் போய்ச் சேருது. 1.6 வோல்ட் வழியிலேயே தீர்ந்துடுது. இந்த ஓட்டையை அடைக்காமல் பெரிய டைனமோ போட்டால் வயர்தான் சூடாகும்.

முதல்ல அந்த 1.6 எங்கே போகுதுன்னு பாருங்க. எல்லா லோடும் போட்டு 1500-ல் வைச்சுக்கிட்டு மீட்டரின் ஒரு முனையை பி பிளஸ் போல்ட்டிலும் மறு முனையை பேட்டரி பிளஸ் கம்பத்திலும் வைங்க. கிளாம்ப்பில் வைக்காதீங்க, கம்பத்திலேயே வைக்கணும். இதே மாதிரி டைனமோ பாடிக்கும் பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் எடுங்க. 24 வோல்ட் வண்டியில் பிளஸ் பக்கம் 0.4-க்குள்ளேயும் மைனஸ் பக்கம் 0.2-க்குள்ளேயும் இருந்தால் நல்லது.

ராத்திரி_டிரிப்:
பார்த்தேன்ணே. பிளஸ் பக்கம் 0.5, மைனஸ் பக்கம் 1.1. ஆனால் செல்ஃப் அடிச்சால் ஜோரா சுத்துது, அப்போ எர்த்து நல்லாத்தானே இருக்கணும்?

கப்பலூர்_வயர்மேன்:
நல்ல கேள்வி. செல்ஃப் ஜோரா சுத்துதுன்னா பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் பிளாக் வரைக்கும் எர்த்து சரி. அந்தப் பாதை கெட்டிருந்தால் செல்ஃப் இழுக்கிற சில நூறு ஆம்பியருக்கு முக்கி முனகும். அப்போ கோளாறு பிளாக்குக்கும் டைனமோ பாடிக்கும் நடுவில். பிராக்கெட், டென்ஷன் பட்டை, போல்ட்டு எல்லாத்திலும் பெயிண்டும் துருவும் ஏறியிருக்கும். ஓட்டம் முடிஞ்சதும் அந்தப் பிராக்கெட்டை ஜாக்கிரதையா தொட்டுப் பாருங்க. 40 ஆம்பியர் போகும்போது 1.1 வோல்ட் விழுந்தால் 44 வாட் அந்த இணைப்பிலேயே சூடா கரையுது.

பிராக்கெட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்ச்சு, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்குங்க. அதை மட்டும் நம்பாதீங்க. டைனமோ பாடியின் இ (எர்த்து) டெர்மினலிலிருந்து பிளாக்குக்கு 25 ஸ்கொயரில் தனி எர்த்து வயரும் இழுங்க. மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் துரு ஏறாது.

அடுத்து பி பிளஸ். 4 மீட்டர் 6 ஸ்கொயர் செம்பு சுமார் 0.0117 ஓம். 40 ஆம்பியருக்கு 0.5 வோல்ட் விழும், நீங்க அளந்ததும் அதுதான். 80 ஆம்பியர் ஓடினால் 0.9 வோல்ட், 75 வாட் சூடு. மதுரை சித்திரை வெயிலில், இன்ஜின் பக்கத்தில், கட்டிப் போட்ட வயர்க் கட்டுக்குள்ளே. தோல் உருகாமல் என்ன செய்யும்? 25 ஸ்கொயர் போட்டால் அதே 80-க்கு 0.22 வோல்ட்டோடு முடிஞ்சுது.

வயர் வாங்கும்போது ஏமாறாதீங்க. செம்பு பூசின அலுமினியம் நிறைய வருது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்க, உள்ளே வெள்ளையா தெரிஞ்சால் வேண்டாம். தூக்கிப் பார்த்தாலே லேசா இருக்கும். வயர் முனையில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் (அழுத்திப் பிடிக்க வைக்கும் கருவி) அடிக்கச் சொல்லுங்க. சுத்தியலால் தட்டி ஈயம் ஊத்துறது இந்த ஆம்பியருக்கு ஆகாது. லக் சூடானால் ஈயம் இளகிடும். டைனமோ போல்ட்டு எம்6-ஆ எம்8-ஆன்னு பார்த்து லக் ஓட்டையை எடுங்க. பேட்டரி முனைக்குப் பக்கத்தில் 125 ஆம்பியர் போல்ட் ஃபியூஸ் கட்டாயம். வயர் எங்கேயாவது சேஸிஸில் உரசிட்டால் தீயைக் கிளப்புவது டைனமோ இல்லை, பேட்டரிதான். ஓட்டை வழியா போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்), ஒரு அடிக்கு ஒரு கிளிப்பு, சைலன்சர் பைப்பும் டீசல் பைப்பும் தொடாத வழி.

மேலூர்_டிப்பர்:
ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. ஒண்ணு பெல்ட்டு. 90 ஆம்பியரை 28 வோல்ட்டில் எடுத்தால் 2500 வாட், டைனமோவின் சொந்த நஷ்டத்தையும் சேர்த்தால் பெல்ட்டில் 5, 6 குதிரை சக்தி ஏறும். ஒத்தை வி-பெல்ட்டு வழுக்கும். புல்லி ரெட்டைக் காடியா, கிராங்க் புல்லியோட நேர்க்கோட்டில் நிற்குதான்னு பார்த்துட்டு வாங்குங்க. ரெண்டாவது, 90-ங்கிறது டைனமோ முழு வேகத்தில் சுத்தும்போது கிடைப்பது. மாட்டுத்தாவணியில் ஐடிலிங்கில் நின்னுக்கிட்டு குக்கர் போட்டால் அதுக்கே 28 ஆம்பியர் போகும். சோறு வண்டி ஓடும்போது வேகட்டும்.

பாட்டு செட்டுக்கு 12 வோல்ட் எங்கேருந்து எடுத்திருக்கீங்க?

ராத்திரி_டிரிப்:
கீழ் பேட்டரியிலிருந்து நேரா எடுத்துக் கொடுத்தாங்க.

மேலூர்_டிப்பர்:
நினைச்சேன். சீரீஸில் இருக்கிற ரெண்டில் ஒண்ணை மட்டும் உறிஞ்சினால் அது எப்பவும் குறைச் சார்ஜில் கிடக்கும், இன்னொண்ணு ஓவர் சார்ஜாகித் தண்ணி வத்தும். மொத்தம் 27.6 காட்டும், தனித்தனியா அளந்தால் ஒண்ணு 13.1, இன்னொண்ணு 14.5-ன்னு நிற்கும். 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டு, 24-லிருந்தே எடுங்க. பேட்டரி மாற்றினால் ரெண்டையும் ஒரே நாளில், ஒரே கம்பெனி, ஒரே ஏ.எச். (ஆம்பியர்-அவர் கொள்ளளவு).

உசிலை_மினி:
என்னோடது டாடா 407 மினி லாரி, 12 வோல்ட். இதே மாதிரி பெரிய டைனமோ எனக்கும் உட்காருமா?

கப்பலூர்_வயர்மேன்:
உங்க டைனமோவின் முதுகைப் பாருங்க. ஆயில் பைப்போட ஒரு வாக்கும் பம்ப் (காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் பம்ப்) இருந்தால் பிரேக் பூஸ்டர் அதை நம்பித்தான் ஓடுது. ஆம்பியரை மட்டும் பார்த்து பம்ப் இல்லாததை மாட்டினால் பிரேக் பெடல் கல்லா நிற்கும். அதே பம்ப் பொருந்துகிற மாடலாத்தான் எடுக்கணும். பைப்பை மாட்டினதும் ஆயில் கசியுதான்னு பாருங்க, காயிலில் ஆயில் இறங்கினால் புது டைனமோவும் போச்சு.

ராத்திரி_டிரிப் தம்பிக்கு இன்னொண்ணு. டேஷ்போர்டு பல்பை எல்லாம் எல்.இ.டி. ஆக்கும்போது சார்ஜ் லைட்டு பல்பை மட்டும் விட்டுடுங்க. அந்தச் சின்ன பல்பு வழியா வரும் கரண்ட்டில்தான் டைனமோவுக்குள்ளே சுத்தும் ரோட்டார் முதல்ல காந்தமாகுது. எல்.இ.டி. போட்டால் ஒரு தடவை ஆக்சிலேட்டரை மிதிச்சு விட்டபிறகுதான் சார்ஜ் ஏறும்.

ராத்திரி_டிரிப்:
புரியுதுண்ணே. வர்ற ஞாயிறு பாடியில் கொஞ்சம் வெல்டிங் வேலையும் இருக்கு, ரெண்டையும் ஒண்ணா முடிச்சிடலாமா?

கப்பலூர்_வயர்மேன்:
முதல்ல வெல்டிங், அப்புறம் டைனமோ. வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி ரெண்டு முனையும், பி பிளஸும் கழற்றி டேப் சுத்துங்க. வெல்டிங் எர்த்து கிளாம்ப்பை அடிக்கிற இடத்துக்கு ஒரு அடி பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்க. இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றி "சார்ஜ் ஏறுதா பார்ப்போம்"னு யாராவது சொன்னால் விடாதீங்க, டைனமோவுக்குள்ளே இருக்கிற டயோடு ஒரே நொடியில் போயிடும். எல்லாம் முடிஞ்சதும் அந்த ரெண்டு அளவையும் மறுபடி எடுத்து இங்கே போடுங்க.